கார்ன்வால் கரையில் ஓர் ஈயச் சரித்திரம்

இங்கிலாந்தின் கடற்கரை என்றவுடன் ஆங்கிலக் கல்வி பயின்ற நம்மவர் பலரின் நினைவுக்கு வருவன டோவர் நகரத்து வெண்சுண்ணப் பாறையும், கோடைக்கால மணலில் வாளியும் கையுமாய் விளையாடும் குழந்தைகளின் படமுமேயாம். நாம் படித்த புத்தகங்கள் அத்தேசத்தை ஒரு பூந்தோட்டமாகவே காட்டின. தோட்டம் என்ற சொல்லுக்கு நம்மிடையே வழங்கும் பொருள் வேறு. ஆகவே அப்படங்களைக் காணும் நம் பிள்ளை ஒருவன், "அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் யார்?" என்று கேட்டால் அதில் வியப்பில்லை. அக்கேள்விக்கு விடை கிடைக்கக்கூடிய ஒரு கடற்கரையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் மாகடலுக்குள் கால் நீட்டியது போலக் கிடப்பது கார்ன்வால் மாகாணம். லண்டனில் ரயிலேறியவர் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பிரயாணம் செய்து, பென்சான்ஸ் என்னும் கடைசி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேற்கே சுமார் 7 மைலில் செயின்ட் ஜஸ்ட் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரையடுத்த கார்ன்வால் முனையில் தொடங்கி, வடக்கே பெண்டீன் கலங்கரை விளக்கம் வரையில் பாறை விளிம்பை ஒட்டியே ஓர் ஒற்றையடிப் பாதை செல்கின்றது. முழுதும் நடந்தாலும் நாலைந்து மைலுக்கு மேற்படாது. ஒரு புறம் கருங்கல் பாறைகளில் அலை மோதி வெண்புகையாய்ச் சிதறும். மறுபுறம் கற்சுவர்களால் வரம்பிட்ட சிறுசிறு வயல்கள். கோடையின் இறுதியில் புதர்ச்செடிகள் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பூத்து நிலம் முழுவதும் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றும். சிவந்த மூக்கும் சிவந்த காலும் உடைய ஒருவகைக் காக்கை அம்மாகாணத்தின் சின்னமாம். 1973இல் அற்றுப்போன அப்பறவை 2001இல் தானாகவே திரும்பி வந்து, மறு ஆண்டு கூடு கட்டிற்று. அழகிய இடம் என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அங்குச் சென்று படம் பிடித்து மகிழ்கின்றனர்.

அப்படங்களில் தவறாமல் இடம்பெறும் பொருள் ஒன்றுண்டு. கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளின் இடுப்பில், கூரையற்ற உயரமான கற்கட்டிடங்கள், பக்கத்திலே ஒரு புகைக்கூண்டுடன் நிற்கின்றன. புதிதாய் வருவோர் இவற்றைப் பழைய கோட்டை என்று எண்ணுவதுண்டு. ராஜாக்களின் சரித்திரத்தையே சரித்திரமென்று படித்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். அவை கோட்டைகள் அல்ல. சுரங்கத்து நீராவி யந்திர வீடுகள். ராஜாக்கள் எவரும் அங்குக் குடியிருந்ததில்லை. அக்கட்டிடங்களின் அடியில், சில இடங்களில் கடலுக்கடியிலேயே ஒரு மைலுக்கு மேல், மனிதர் தோண்டிய வழிகள் செல்கின்றன. அவர்கள் தோண்டியெடுத்தது வெள்ளீயமும் செம்பும் ஆகும்.

கம்பார், ஈப்போ, பத்து காஜா பக்கத்து வாசகர்களுக்கு வெள்ளீயத்தைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் கிந்தா ஈயத்துக்கும் கார்ன்வால் ஈயத்துக்கும் உள்ள ஒரு பேதத்தை உணர்ந்தாலன்றிப் பின்வரும் சரித்திரம் விளங்காது. கிந்தாப் பள்ளத்தாக்கில் மலையின் ஈயம் மழையாலும் ஆற்றாலும் அரித்துக் கொணரப்பட்டு, மண்ணோடும் மணலோடும் கலந்து கிடந்தது. அதை நீரால் அலசி எடுத்தால் போதும். கார்ன்வாலிலோ பழங்காலத்தில் ஓடைகளில் கிடந்த ஈயம் தீர்ந்த பிறகு, கருங்கல்லின் வெடிப்புகளில் நரம்பு போல ஓடும் தாதுவைத் தேடிப் பாறையைக் குடைந்து கீழே செல்வதன்றி வேறு வழியில்லை. செயின்ட் ஜஸ்ட் பகுதியில் அந்நரம்புகள் கரையோடு நின்றுவிடாமல் கடலுக்கடியில் ஓடின. தொழிலாளியும் அவற்றின் பின்னே கடலுக்கடியில் ஓடினான்.

ஆழம் செல்லச் செல்ல நீர் ஊறும். அந்நீரை இறைப்பதற்கே நீராவி யந்திரம் அங்கு வேண்டப்பட்டது. நிலக்கரி கார்ன்வாலில் இல்லை. கடல் வழியே வேல்ஸிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டும். ஆகவே குறைந்த கரியில் மிகுந்த வேலை வாங்கும் யந்திரத்தைக் கண்டுபிடிப்பதில் அவ்வூரார் முனைந்தனர். 1771இல் பிறந்த ரிச்சர்டு டிரெவிதிக் என்பார் அங்குள்ள சுரங்கக் காரியஸ்தர் ஒருவரின் மகன். உயர்ந்த அழுத்தமுடைய நீராவியைக் கையாண்டு, 1804இல் தண்டவாளத்தின் மேல் முதன்முதலாக யந்திர வண்டியை ஓட்டிக் காட்டியவர் அவரே. உலகெங்கும் ரயில் ஓட வழி செய்த அவர் 1833இல் வறுமையில் இறந்தார். நாம் பள்ளியிற் படித்த புத்தகங்களில் அவருடைய யந்திரத்தின் படம் இருந்தது. அவர் இறந்த கதை இல்லை.

நிற்க. இனி அச்சுரங்கத்தில் கூலி எப்படித் தரப்பட்டதெனப் பார்ப்போம். நமக்கு இது மிகவும் பழகிய விஷயம் போலத் தோன்றும்.

சுரங்கத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. இரண்டு விதமான கண்டிராக்டு முறை இருந்தது. ஒன்றில், இத்தனை அடி குடைந்தால் இத்தனை பணம் என்று பேசிக்கொள்வர். மற்றொன்றில், எடுக்கும் தாதுவின் விலையில் ஒரு பங்கு தொழிலாளிக்கு. குறிப்பிட்ட நாளில் சுரங்க ஆபீசின் முன் எல்லாரும் கூடுவர். கேப்டன் எனப்படும் மேலதிகாரி ஒவ்வோர் இடத்தையும் கூறி ஏலம் விடுவார். நம்மூர் ஏலத்தில் விலை ஏறும், அங்கே இறங்கும். "பவுனுக்கு இத்தனை ஷில்லிங் பங்கு போதும்" என்று ஒருவன் கேட்க, பட்டினிக்கு அஞ்சிய மற்றொருவன் அதிலும் குறைத்துக் கேட்பான். கேப்டன் ஒரு கூழாங்கல்லை மேலே எறிவார். அது தரையில் விழுமுன் கடைசியாகக் கேட்டவனுக்கு அந்த இடம் சொந்தம். முதலாளி கூலியைக் குறைத்தார் என்று எவரும் குறை கூற முடியாது. தொழிலாளிகளே ஒருவரையொருவர் குறைத்துக்கொண்டனர் அல்லவா! இதனினும் சாமர்த்தியமான ஏற்பாட்டை நாம் கேள்விப்பட்டதில்லை.

மெழுகுவத்தி, வெடிமருந்து, உளி தீட்டும் செலவு யாவும் தொழிலாளியின் கணக்கில் பற்று எழுதப்படும். தாது கிடைக்குமுன் வயிற்றுக்கு முன்பணம் வாங்கினால் அதுவும் பற்றே. நல்ல நரம்பு அகப்பட்டவன் ஒரு மாதத்தில் கைநிறையப் பெறுவதும் உண்டு. அகப்படாதவன் இரண்டு மாதம் இருளில் உழைத்துக் கடனாளியாய் வெளிவருவதும் உண்டு. பொட்டாலக் என்னும் சுரங்கத்தின் ஆபீசிலோ பங்குதாரர் கூடும் நாளில் நடந்த விருந்துகள் அப்பிரதேசம் எங்கும் பேர் பெற்றவை. செக்ரோல் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு முறையின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

பிசின் ஏற்றிக் கெட்டியாக்கிய ஒருவகைத் தொப்பியே அவர்களுக்குத் தலைக்காப்பு. அதன் முன்புறத்தில் ஒரு களிமண் உருண்டை; அதில் செருகிய மெழுகுவத்தியே விளக்கு. ஏணி வழியே நூற்றுக்கணக்கான அடி இறங்கி, எட்டு மணி நேரம் உளியும் சம்மட்டியும் கொண்டு பாறையை உடைத்து, ஈர உடையுடன் அதே ஏணிகளில் ஏறி வர வேண்டும். ஏறுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி இல்லை. வெடிமருந்துக்குத் திரியாக வாத்திறகுக் குழாயில் மருந்தை அடைத்துப் பற்ற வைத்த காலத்தில் கண்ணிழந்தோர், கையிழந்தோர் பலர். 1831இல் டக்கிங்மில் என்னும் ஊரில் வில்லியம் பிக்போர்டு என்பார் சணல் நூலுக்குள் மருந்தை வைத்து முறுக்கிய காப்புத் திரியைக் கண்டுபிடித்தபின் அக்கொடுமை குறைந்தது.

பெண்கள் கார்ன்வாலில் சுரங்கத்துக்குள் இறங்கியதில்லை. மேலே வந்த கல்லைச் சம்மட்டியால் உடைத்துத் தாது பிரிப்பது அவர்கள் வேலை. வெயிலிலும் கடற்காற்றிலும் முகத்தைக் காக்க வெண்துணியால் தலையை மூடிக்கொண்டு, வரிசையாய் நின்று கல் உடைத்த அப்பெண்களுக்குக் கிடைத்த கூலி ஆடவர் கூலியிற் பாதிக்கும் குறைவே. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளும் உடன் நின்றனர். கிந்தா ஆறுகளில் துலாங் தட்டை ஏந்தி முழங்கால் நீரில் நின்ற சீனப் பெண்களையும், விடியுமுன் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுப் பால்வாளி தூக்கிய நம் தாய்மாரையும் இவர்களோடு சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளையர் எல்லாரும் பகுத்தறிவு மிக்கவர், பேய்க்கு அஞ்சுவது நாம் மட்டுமே என்று எண்ணும் நண்பர்கள் சிலர் உள்ளனர். அவர்களுக்காக இதைச் சொல்கின்றோம். கார்ன்வால் சுரங்கத்தில் குட்டிப் பேய்கள் சுவரைத் தட்டுகின்றன என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்தது. அவற்றின் மனம் கோணாதிருக்கத் தாம் கொண்டுபோன இறைச்சிப் பணியாரத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு உண்பர். உள்ளே சீழ்க்கை அடித்தால் கேடு வரும் என்பர். இருளும் ஆபத்தும் மிக்க தொழிலில் மனிதன் தன் அச்சத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கின்றான்; தோல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வூர்களுக்கு 1743இல் ஜான் வெஸ்லி என்னும் பாதிரியார் முதன்முறை வந்தார். மதத்தைப் பற்றி எமது கருத்து யாதாயினும், அவருடைய சங்கத்தால் விளைந்த ஒரு நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பண்டைய மாதாகோயிலில் பிரபுவும் பண்ணையாரும் முன்வரிசையில் வீற்றிருக்க, சுரங்கக்காரன் கதவோரம் நின்றான். வெஸ்லியின் சங்கத்திலோ அவனே எழுந்து பேசலாம். பேச வேண்டுமானால் படிக்க வேண்டும். ஆகவே எழுத்துக் கற்றான். 19ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கமும் அதே சங்கங்களின் வழியாய்ப் பரவிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடையை வைத்துக்கொடுத்த காலத்தை அறிந்த நம்மவர் இதன் பெருமையை உணர்வர். எனினும் குறையும் சொல்ல வேண்டும்: மறுமையில் கிடைக்கும் கூலியைப் பற்றி அவ்வளவு பேசிய அச்சபைகள் இம்மையில் கிடைக்க வேண்டிய கூலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிற்சங்கம் வேரூன்றியபோதும், ஏலமுறையால் பிரிந்து கிடந்த கார்ன்வாலில் அது வெகு காலம் வலுப்பெறவில்லை.

இனி, அந்தப் பாதையில் நடப்போர் அறிந்திருக்க வேண்டிய மூன்று நாட்கள் உள.

முதலாவது 1863 ஏப்ரல் 18. பொட்டாலக் சுரங்கத்தில் கடலுக்கடியில் சாய்வாக இறங்கும் ஒரு வழி இருந்தது. அதில் தொழிலாளரை ஏற்றி வரும் வண்டியின் சங்கிலி அறுந்து, எட்டு ஆடவரும் ஒரு சிறுவனும் மாண்டனர். அதன்பின் சங்கிலிக்குப் பதில் கம்பி வடம் போடப்பட்டது. இரண்டாண்டு கழித்து 1865இல் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் வந்து அதே வழியில் இறங்கிப் பார்த்தனர். சுற்றுலாக்காரருக்கான பழைய வர்ணனைகளில் இளவரசர் வருகையே விரிவாக இருக்கும். அதற்கு முன்பே, 1850இல், வில்கி காலின்ஸ் என்னும் நாவலாசிரியர் இச்சுரங்கத்துள் இறங்கிப் பார்த்து, தலைக்கு மேலே கடல் முழங்கும் ஓசையைக் கேட்டு எழுதியுள்ளார். அவர் சிறிது நேரம் கேட்டுத் திரும்பினார். தினமும் கேட்டவர்கள் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது 1893 ஜனவரி 10. பொட்டாலக்குக்குத் தெற்கே வீல் ஓல்ஸ் என்னும் சுரங்கம். அதையடுத்துக் கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றில் நீர் நிறைந்து நின்றது. அந்நீர் எங்கே நிற்கின்றது, நாம் எங்கே தோண்டுகின்றோம் என்பதை ஆபீசில் இருந்த வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்தனர். அவ்வரைபடமோ திசைகாட்டும் காந்த ஊசியைக் கொண்டு முன்னாளில் வரையப்பட்டது. காந்த ஊசி காட்டும் வடக்கு நிலையாக நிற்பதன்று; ஆண்டுக்குச் சிறிது சிறிதாக நகரும். பல ஆண்டுகளில் அந்நகர்வு பெரிதாகிவிடும். பழைய படத்துக்கும் புதிய அளவுக்கும் இடையே இருந்த அவ்வேற்றுமையை யாரும் கணக்கிட்டுத் திருத்தவில்லை. நீருக்கு வெகு தூரத்தில் இருப்பதாகக் காகிதம் சொல்லிற்று. தொழிலாளி அடித்த அடியில் பாறை உடைந்து, பழஞ்சுரங்கத்தின் நீர் முழுவதும் உள்ளே பாய்ந்தது. 19 ஆடவரும் ஒரு சிறுவனும் மூழ்கினர். அந்நீரைப் பின்னர் எவரும் இறைக்கவில்லை, உடல்கள் எடுக்கப்படவில்லை. சுரங்கம் அன்றோடு மூடப்பட்டது.

ஆபீசில் உட்கார்ந்து காகிதம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இந்நிகழ்ச்சியை எம்மால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை. பாறை பொய் சொல்லவில்லை, தொழிலாளியும் தவறவில்லை. மேசையின் மேலிருந்த தாள் ஒன்று பழசாகிவிட்டது, அவ்வளவே. பேரேட்டில் ஒரு கிராணி திருத்தாமல் விட்ட எண்ணின் பயனை அனுபவிப்பவர், அப்பேரேட்டை ஒருநாளும் கண்ணால் காணாதவர்களாகவே இருக்கின்றனர். வீல் ஓல்ஸ் யந்திர வீடு பாறையின் மேல் இன்றும் நிற்கின்றது. 2015 முதல் பி.பி.சி. ஒளிபரப்பிய போல்டார்க் என்னும் தொடர்நாடகத்தில் கதாநாயகனின் சுரங்கமாக அதைக் காட்டினர். அது முதல் அங்குக் கூட்டம் அதிகம். கதாநாயகன் நின்ற இடத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ளும் காதலர்களைக் குறை சொல்வதற்கில்லை. காலுக்குக் கீழே இருபது பேர் உள்ளனர் என்பதை அவர்களும் அறிந்திருந்தால் நன்று.

மூன்றாவது 1919 அக்டோபர் 20. லெவாண்ட் சுரங்கத்தில் 1857 முதல் மனிதரை ஏற்றி இறக்கும் யந்திரம் ஒன்று ஓடிற்று. ஆழம் வரை தொங்கும் நீண்ட மரத்தண்டு ஒன்று சுமார் 12 அடி மேலும் கீழுமாய் அசையும். தண்டில் 12 அடிக்கொரு படி. சுரங்கச் சுவரிலும் அவ்வாறே ஒரு படி. தண்டு மேலே போகும்போது அதில் நின்று, அது நிற்கும் கணத்தில் சுவர்ப் படிக்குத் தாவி, மறுமுறை தண்டு வந்ததும் மீண்டும் அதில் ஏறி, இவ்விதம் மேலே வந்து சேரலாம். ஏணியின் கொடுமைக்கு இது எவ்வளவோ மேல் என்று தொழிலாளர் மகிழ்ந்தனர். அன்று பிற்பகல் வேலை முடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் தண்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, யந்திரத்தோடு அதை இணைத்த உச்சி இரும்பு முறிந்தது. தண்டு பல துண்டாகி, படிகளையும் மனிதரையும் வாரிக்கொண்டு விழுந்தது. 31 பேர் இறந்தனர். உலக யுத்தம் முடிந்து ஓராண்டு நிறையவில்லை. மனிதத் தண்டு மறுபடியும் அமைக்கப்படவில்லை; ஆழத்து வழிகள் கைவிடப்பட்டன. 1930இல் லெவாண்ட் மூடப்பட்டது.

விபத்தில் இறந்தோரைக் கணக்கிடலாம். நுரையீரலில் கல்தூள் ஏறி இறந்தோரைக் கணக்கிடுவது அரிது. பாறை துளைக்கும் யந்திரம் வந்தபின் இந்நோய் பெருகிற்று. சர்க்காரின் பேரில் ஹால்டேன் முதலிய அறிஞர் ஆராய்ந்து, 1904இல் வெளியிட்ட அறிக்கையில், கெட்ட காற்றைவிடக் கல்தூளே கொலைகாரன் என்றும், துளைக்குமிடத்தில் நீர் தெளிக்க வேண்டும் என்றும் கூறினர். பாஷாணம் எடுத்த இடம் இன்னும் மோசம். ஈயத் தாதுவை வறுக்கும்போது புகையாய் எழும் பாஷாணம் வளைந்து வளைந்து செல்லும் கல்லறைகளின் சுவரில் படியும். மூக்கில் பஞ்சை அடைத்து, மேனியில் களிமண் பூசிக்கொண்டு, மனிதர் உள்ளே சென்று அதைச் சுரண்டி எடுத்தனர். அவ்வறைகள் பொட்டாலக்கில் இன்றும் உள. நம் ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல ஒருகாலத்தில் தெளித்த மருந்தும் இப்பாஷாணத்தின் வகையே என்பது முதியோர்க்குத் தெரியும்.

இத்தொழில் எதனால் அழிந்தது? 1866இல் செம்பு விலை வீழ்ந்தது. 1870களில் ஆஸ்திரேலிய ஈயம் சந்தைக்கு வந்தது. அதன்பின் வந்தது நமது மலாயா ஈயம். லாருட்டில் சீனத் தொழிலாளர் அலசியெடுத்த ஈயத்தைத் தைப்பிங்கிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1885இல் மலாயாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன் உலக ஈயத்திற் பாதிக்கு மேல் மலாயாவினது. கடலுக்கடியில் 2,000 அடி ஆழத்தில் கருங்கல்லைக் குடைபவன் ஆற்று மணலை அலசுபவனோடு விலையில் எப்படிப் போட்டியிட முடியும்? விலைச் செய்தியும் தாமதமாகச் செல்லவில்லை. செயின்ட் ஜஸ்டுக்குத் தெற்கே சில மைலில் போர்த்கர்னோ என்னும் சிறு கடற்கரையில் 1870இல் இந்தியாவிலிருந்து வரும் தந்திக் கம்பி கரையேறிற்று. மறு ஆண்டே அது சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரை நீண்டது. கம்பியைக் கடல்நீர் தீண்டாமற் காத்த கட்டாப் பெர்ச்சா என்னும் பால் நம் மலாய்க் காடுகளில் வடித்தது. அந்தக் காட்டுப் பாலுக்குள் ஓடிய செய்தி, அந்தக் கரைத் தொழிலாளியின் அடுப்பை அணைத்தது.

வேலையிழந்தோர் லட்சக்கணக்கில் கடல் கடந்தனர். ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று, எங்கே பூமியில் குழி உண்டோ அங்கே ஒரு கார்ன்வால்காரன் உண்டு என்று சொல்லும் அளவுக்குப் பரவினர். மனைவிமார் ஊரிலே தபாலையும் பணத்தையும் எதிர்பார்த்துக் காத்திருந்தனர். பணம் நின்றுபோனால் செத்தானா, மறந்தானா என்று தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் வீடுகளில் நடந்ததும் இதுவே.

ஆயினும் ஒரு வேற்றுமை இங்குக் கவனிக்கத் தக்கது. ஊரில் கூழாங்கல் விழுமுன் கூலியைக் குறைத்துக் கேட்டு நின்ற அதே மனிதன், மைசூரில் கோலார் தங்க வயலுக்குப் போனபோது மேஸ்திரிகளுக்கு மேலே துரையாக நின்றான். கீழே குடைந்தவர்கள் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர். அவர்களிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கோப்பெங் ஈயச் சுரங்கக் கம்பெனி 1892இல் கார்ன்வாலில் தோன்றியது. மலாயாச் சுரங்கக் கம்பெனிகள் பலவற்றின் காரியாலயம் ரெட்ரூத் என்னும் கார்ன்வால் ஊரிலேயே இருந்தது. 1888இல் காம்போர்னில் நிறுவிய சுரங்கப் பள்ளியில் தேறியவர்கள் பேராக்குக்கு எஞ்சினியர்களாய் வந்தனர். தம் ஊர்ச் சுரங்கத்தைக் கொன்ற ஈயத்தை எடுக்கத் தாமே வந்தனர். அவர்கள் கெட்டவர்கள் என்பதன்று நம் கருத்து. ஊரில் நசுக்கப்பட்டவன் வெளியூரில் நாற்காலி கிடைத்தால் நசுக்கப்பட்ட நாளை எவ்வளவு விரைவில் மறக்கின்றான் என்பதையே சொல்கின்றோம். நம்முள் கங்காணியானவர்களும் கிராணியானவர்களும் இதற்கு விலக்கல்லர்.

அம்மக்கள் இழந்தது தொழிலை மட்டுமன்று. கார்ன்வாலுக்கு ஆங்கிலத்தின் வேறான ஒரு தாய்மொழி இருந்தது. 1549இல் ஆங்கிலப் பிரார்த்தனைப் புத்தகத்தைத் திணித்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர், ராணுவத்தால் அடக்கப்பட்டனர். பிறகு படிப்படியாய் அம்மொழி அடுப்படிக்கும் மீன்சந்தைக்கும் ஒதுங்கிற்று. மவுசல் என்னும் மீனவர் ஊரில் 1777இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்னும் மூதாட்டியை அதைத் தாய்மொழியாய்ப் பேசிய கடைசியானவர் எனப் பொதுவாகக் கூறுவர். வீல் என்பது அம்மொழியில் சுரங்க வேலை. மொழி போனபின் சுரங்கப் பெயர்களில் மட்டும் சொற்கள் எஞ்சின. பிற்காலத்தில் ஆர்வலர் சிலர் ஏட்டிலிருந்து அதை மீட்டுக் கற்று வருகின்றனர். 2002இல் பிரிட்டிஷ் சர்க்காரும் அங்கீகரித்தது. வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்ட மொழியை ஏட்டிலிருந்து மீட்பது எத்தனை கடினம் என்பதைப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பத் தயங்குவோர் கார்ன்வால்காரரைக் கேட்டறியலாம்.

கடைசி அடி இரு நாட்டுக்கும் ஒரே நாளில் விழுந்தது. ஈய விலையைத் தாங்கி நின்ற சர்வதேச ஈயக் கவுன்சில் 1985 அக்டோபர் 24ஆம் நாள் பணமின்றிக் கைவிரித்தது. விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. கிந்தாவில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பெண்டீனில் கீவோர் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. கார்ன்வாலின் கடைசிச் சுரங்கமான சவுத் கிராப்டி 1998இல் மூடப்பட்டது. கிந்தாக் குட்டைகளில் மீனும் வாத்தும் வளர்கின்றன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக் கப்பல் காட்சிப்பொருளாய் நிற்கின்றது. கார்ன்வால் யந்திர வீடுகளை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கடல் தெரியும் சுரங்கக்காரன் குடிசையைப் பணக்காரர் விடுமுறை வீடாக வாங்குகின்றனர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கும் வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. சவுத் கிராப்டியை மட்டும் மறுபடி திறக்கும் நோக்கத்துடன் 2023இல் நீர் இறைக்கத் தொடங்கினர்.

அங்குச் செல்ல வாய்ப்புடையோர் இரண்டு இடங்களைத் தவறவிடலாகாது. லெவாண்டில் 1840இல் ஹேல் நகரத்து ஹார்வி தொழிற்சாலை செய்த நீராவி யந்திரம் உளது. 1930இல் நின்றுபோன அதைத் தன்னார்வத் தொண்டர்கள் தம் ஓய்வு நேரத்தில் பல்லாண்டு பழுதுபார்த்து, 1993 முதல் மீண்டும் நீராவியில் ஓட்டிக் காட்டுகின்றனர். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கீவோர். மூடிய சுரங்கத்தைப் பொருட்காட்சியாக்கியுள்ளனர். தொழிலாளர் வேலை முடிந்து குளித்து உடை மாற்றும் நீண்ட அறையை 1990இல் விட்டுச் சென்றபடியே வைத்துள்ளனர். கொக்கிகளில் வேலைச்சட்டைகள் தொங்குகின்றன. சிவந்த ஈயமண் கறை அவற்றில் இன்னும் இருக்கின்றது.